எஞ்சின் நின்றிருக்கும் நேரம்

ஏழாங்கட்டைத் தோட்டம், ரெங்கம்
1928 ஆகஸ்டு 14

அண்ணனுக்கு பேச்சியம்மாள் எழுதிக்கிட்டது.

இங்க நாங்க உசிரோட இருக்கோம். அங்க நீங்களும் அண்ணியும் பிள்ளைங்களும் சுகமா இருக்கணும்.

ரெண்டு வருஷம் கழிச்சு எழுதறேன். உங்ககிட்ட தொழில் படிச்ச என் வீட்டுக்காரர், உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம மூவார் பட்டறைய விட்டுட்டு தோட்டத்து எஞ்சின் வேலைக்கு வந்தது தப்புதான். அதைப் பேச இப்ப எழுதல. மச்சானுக்கு எழுதாதேன்னு அவர் சொல்லியிருக்காரு. அவருக்குத் தெரியாமத்தான் எழுதறேன். இதைக் கேக்க எனக்கு வேற ஆள் இல்ல.

எங்க ஸ்டோர் கொட்டகையில ரப்பர் அரைக்கிற எஞ்சின் நீங்க வந்து பூட்டினது. கரி அடுப்புலேருந்து எஞ்சினுக்குப் போற கேஸ் குழாயும் நீங்க போட்டதுதான். அந்தக் குழாய் மிஷின் நிக்கிற இடத்துக்குக் கீழே பள்ளத்துல போகுது, மேல பலகை மூடியிருக்கு. அந்தப் பலகை மேல நின்னுதான் பொம்பளைங்க ரப்பர் கட்டியை உருளைக்குள்ள தள்ளுறாங்க.

கொஞ்ச நாளா அவங்களுக்குத் தலைவலி, வாந்தி. போன வாரம் வெள்ளையம்மா உருளைப் பக்கத்துல அப்படியே சரிஞ்சு விழுந்துட்டா. எஞ்சின் இன்னும் பிடிக்காத நேரம். உருளை சுத்திக்கிட்டு இருந்தா கையே போயிருக்கும். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசரு வந்து பார்த்து காய்ச்சல்னு கொய்னா மருந்து குடுத்தாரு. தொட்டுப் பார்த்தேன், உடம்பு சுடல.

அவருக்கும் தினம் தலைவலி. நெத்தியில துணிய இறுக்கிக் கட்டிக்கிட்டு வேலைக்குப் போறாரு. கேட்டா ஒண்ணும் இல்லங்கிறாரு.

அண்ணே, அந்தக் குழாயிலேருந்து கேஸ் வெளிய வருமா? அது மட்டும் எழுதுங்க.

தங்கச்சி
பேச்சியம்மாள்


மூவார்
1928 ஆகஸ்டு 26

தங்கை பேச்சியம்மாளுக்கு மணியம் எழுதுவது.

கடிதம் கிடைத்தது. உன் எழுத்தைப் பார்த்ததும் உன் அண்ணி அழுதாள். நான் கடைசிவரை படித்துவிட்டு மடித்து வைத்தேன். எஞ்சினைப் பற்றிக் கேட்க வேண்டியவன் உன் புருஷன் அய்யாவு. அவனுக்கு வாய் இல்லையா? ஒரு வரி எழுத நேரம் இல்லையா? போகட்டும், நீ கேட்டதற்குச் சொல்கிறேன்.

வராது.

கரி அடுப்பில் உண்டாகும் வாயுவை எஞ்சின் தன் மூச்சால் உறிஞ்சி இழுக்கிறது. அதனால் குழாயில் எங்காவது ஓட்டை விழுந்தாலும் வெளிக்காற்று உள்ளே போகுமே தவிர, உள்ளே இருப்பது வெளியே வராது. சின்ன வயதில் பப்பாளித் தண்டை வாயில் வைத்துத் தண்ணீர் உறிஞ்சுவோமே, தண்டில் பொத்தல் இருந்தால் தண்ணீர் வெளியே சிந்துமா? காற்றுதான் வாய்க்குள் வரும். இதுவும் அதுதான்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை நானே அங்கு வந்து பார்க்கிறேன். போன மாதம் ஜூலையில் வந்தபோது குழாயின் ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். ஒரு குமிழி வரவில்லை. கசிவு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் துரையிடம் கொடுத்திருக்கிறேன். ஜோகூரில் பதினான்கு தோட்டங்களில் என் கையெழுத்து இருக்கிறது. இதுவரை ஒரு இடத்திலும் குறை வந்ததில்லை.

விடியுமுன் வெறும் வயிற்றோடு வேலைக்கு வந்தால் மயக்கம் வரத்தான் செய்யும். அடுப்புப் புகையும் சேர்ந்திருக்கும். நல்ல சாப்பாடு சாப்பிடச் சொல்.

மணியம்


ஏழாங்கட்டைத் தோட்டம்
1928 செப்டம்பர் 30

அண்ணனுக்கு,

நீங்க எழுதினதை நாலு தடவை படிச்சேன். பப்பாளித் தண்டு புரிஞ்சுது. அதுக்கு மேல ஒண்ணு புரியல. அதான் ஒரு மாசம் பொறுத்துப் பார்த்துட்டு எழுதறேன்.

ஆபீஸ்ல கணக்கு எழுதற கிராணி தூக்கிப் போட்ட பழைய காலண்டர் ஒண்ணை எடுத்து வச்சுக்கிட்டு, யாருக்கு எப்ப தலை வலிச்சுது, எங்க நின்னாங்க, மழையா வெயிலான்னு தினம் விசாரிச்சு எழுதினேன். பொம்பளைங்க முதல்ல சிரிச்சாங்க. பிறகு அவங்களே வந்து சொல்ல ஆரம்பிச்சாங்க.

இருபத்தாறு நாள் வேலை நடந்துச்சு. பதினேழு நாள் யாருக்காவது வந்திருக்கு. அதுல பதினஞ்சு நாள் காலையில, எஞ்சின் பிடிக்கிறதுக்கு முன்ன. ரெண்டு நாள் சாயந்தரம், எஞ்சினை நிறுத்தின பிறகு பொம்பளைங்க ரப்பர் பால் ஊத்தற தட்டு கழுவிக்கிட்டு இருந்தப்ப. எஞ்சின் ஓடிக்கிட்டு இருக்கும்போது ஒருத்தருக்கும் புதுசா வரல. ஏற்கனவே வலி இருந்தவங்களுக்குக்கூட, பத்து மணி போல கொஞ்சம் விடுது.

பலகை மேல நிக்கிற மூணு பேருக்குத்தான் அதிகம். வாசப்பக்கம் நிக்கிறவங்களுக்கு இல்ல. மழை பெய்யற அன்னிக்கு ஜன்னலச் சாத்துறாங்க. அந்த நாள்ல ஒருத்தர் விடாம வருது.

காலைல எஞ்சினைப் பிடிக்க வைக்க, வெள்ளையம்மா வீட்டுக்காரர் வேலு அடுப்புக்குக் காத்து ஊதற சக்கரத்தைக் கையால சுத்துறாரு. இருபது நிமிஷம், சில நாள் அரை மணி. ஊதினா உள்ள இருக்கிறது முன்னால தள்ளிக்கிட்டுத்தானே போகும்?

எஞ்சின் ஓடும்போது அது உறிஞ்சுதுன்னு எழுதினீங்க. சரி. எஞ்சின் நின்னிருக்கும்போது எது உறிஞ்சுது?

நீங்க சோப்புத் தண்ணி தடவினப்போ எஞ்சின் ஓடிக்கிட்டு இருந்துச்சா, நின்னிருந்துச்சா? அன்னிக்கு நான் சாப்பாடு கொண்டாந்தேன். மிஷின் சத்தத்துல நீங்க பேசினது எனக்குக் கேக்கல. அதனாலதான் கேக்கறேன்.

பேச்சியம்மாள்


மூவார்
1928 அக்டோபர் 25

தங்கை பேச்சிக்கு,

பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. உன் கடிதம் வந்த அன்று எனக்கு வந்தது கோபம்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட பெண் எனக்கு எஞ்சின் சொல்லித் தருகிறாளே என்று அண்ணியிடம் கத்தினேன். அவள் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, "அவ கேட்டதுக்குப் பதில் என்ன?" என்றாள்.

பட்டறையில் அதே மாதிரிப் பழைய எஞ்சின் ஒன்று கிடக்கிறது. ஆட்கள் வருவதற்கு முன் போய் அடுப்பை மூட்டி, சக்கரத்தைச் சுற்ற ஒருவனை வைத்து, குழாயின் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவினேன். ஊத ஊத குமிழி வந்தது. ஒரு மூட்டில் நுரையாகவே பொங்கியது. அதே மூட்டை எஞ்சின் ஓடும்போது தடவினேன். குமிழி இல்லை. தடவின தண்ணீர் உள்ளே போயிற்று.

ஜூலையில் நான் பார்த்தபோது உங்கள் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாத் தோட்டத்திலும் அப்படித்தான். மிஷினை நிறுத்தாமல் பார்த்துவிட்டுப் போ என்பார்கள். நானும் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். பதினான்கு தோட்டத்திலும்.

இந்த வாயுவுக்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது. கண்ணில் எரிச்சல்கூட வராது. தலைவலி, வாந்தி, கால் துவண்டு போவது, பிறகு தூக்கம். அந்தத் தூக்கத்தில் விட்டுவிட்டால் ஆள் எழுந்திருப்பதில்லை. ஆபத்து எவ்வளவு என்பதை மூன்று விஷயங்கள் சொல்லிவிடும்: எவ்வளவு கசிகிறது, அறை எவ்வளவு மூடியிருக்கிறது, ஆள் எவ்வளவு நேரம் அதில் நிற்கிறான். நீ எழுதி வைத்ததில் மூன்றுமே இருக்கிறது. மழை நாளில் உங்கள் ஸ்டோர் ஒரு மூடின பெட்டி.

இன்று முதல் இதைச் செய்யச் சொல். எஞ்சின் பிடிக்கும்வரை பெண்கள் யாரும் உள்ளே போகக் கூடாது. மழையானாலும் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். கூரைக்கு மேல் ஒரு புகைக் குழாய் போகிறதே, ஊதும்போது வாயு அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். கரி பிடித்து அது அடைத்திருந்தால் எல்லாம் பள்ளத்துக்குத்தான் வரும். அதை இடித்துச் சுத்தம் செய்யச் சொல்.

பட்டறை முதலாளி தவுக்கேயிடம் சொன்னேன். பட்டறைக்காரரே தன் காகிதம் தப்பு என்று எழுதினால் நாளைக்கு எந்தத் தோட்டம் நம்மைக் கூப்பிடும் என்று கேட்டார். ஜனவரியில் எப்படியும் அங்கு போகிறாய், அப்போது குறை கண்டதாக எழுதிவிடு, யாருக்கும் கெட்ட பெயர் இல்லை என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது. இன்னும் பத்து வாரம்தான்.

மணியம்


ஏழாங்கட்டைத் தோட்டம்
1928 நவம்பர் 8

அண்ணனுக்கு,

உங்க கடிதத்தை அவருக்குக் காட்டிட்டேன். மறைச்சு எழுதினதுக்குத் திட்டல. ரெண்டு தடவை படிச்சுட்டு, "மச்சான் சரியாத்தான் எழுதியிருக்காரு"ன்னு சொல்லிட்டு சட்டையை மாட்டிக்கிட்டு துரை பங்களாவுக்குப் போனாரு.

துரை உங்க ஜூலை மாசக் காகிதத்தை எடுத்துக் காட்டியிருக்காரு. இதுல கசிவு இல்லன்னு இருக்கு, கையெழுத்துப் போட்டது உன் மச்சான், நீ அவரைவிடப் பெரிய ஆளான்னு கேட்டாரு. அவரே தப்புன்னு எழுதிக் குடுத்தா மிஷினை நிறுத்தி வேலை பார்க்கிறேன், சும்மா பொம்பளைங்க பேச்சைக் கேட்டு நிறுத்த முடியாதுன்னுட்டாரு. நீங்க எனக்கு எழுதினதைக் காட்டவான்னு இவர் கேட்டாரு. வேணாம்னேன். உங்க வேலை போயிடும்னு நினைச்சேன்.

ஜன்னலைத் திறந்து வச்சாங்க. மழைத் தண்ணி பெல்ட்டு மேல அடிச்சு பெல்ட்டு நழுவுது. கிராணி மறுபடியும் சாத்தச் சொல்லிட்டாரு. இப்ப இவர் ஒரு வேலை செய்யறாரு. எஞ்சின் பிடிக்கிற வரைக்கும் பொம்பளைங்களை வெளிய நிறுத்தி வச்சுட்டு, இவரும் வேலுவும் மட்டும் உள்ள நிக்கிறாங்க. லேட்டாகுதுன்னு கிராணி தினம் ஏசுறாரு. பொம்பளைங்களுக்குத் தலைவலி நின்னு போச்சு. இவருக்குக் கூடிப்போச்சு. நேத்து சோத்துல கை வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தாரு.

நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும். ஜூலைல பார்த்தது எஞ்சின் ஓடும்போது, நின்னிருக்கும்போது பார்க்கல. அவ்வளவுதான். அதுல பொய் ஒண்ணும் இல்லையே.

பத்து வாரம்னு எழுதினீங்க. உள்ள நிக்கிறவருக்கு அது பெரிய கணக்கு.

பேச்சி


மூவார்
1928 நவம்பர் 20

பேச்சிக்கும் மாப்பிள்ளை அய்யாவுக்கும்,

நீங்கள் கேட்ட காகிதத்தை எழுதினேன். மூன்று முறை எழுதினேன். தவுக்கேயின் முத்திரை இல்லாமல் அது செல்லாது. முத்திரை போட அவர் மாட்டேன் என்கிறார். முத்திரை இல்லாமலே அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. எனக்கு மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று மட்டும் எழுதுகிறேன்.

அதற்குப் பதிலாக இந்தப் பார்சல். மாப்பிள்ளை, இதில் மூட்டுக்கு வைக்கும் கல்நார்க் கயிறும், செவ்வீயப் பசையும், புது போல்ட்டு பன்னிரண்டும் இருக்கின்றன. பள்ளத்தில் பலகைக்குக் கீழே இருக்கும் இரண்டாவது மூட்டுதான் குறையாக இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த இடத்தில் மண் இறங்கியிருப்பதை நான் ஜூலையிலேயே பார்த்தேன். மூட்டைப் பிரித்து, பழைய கயிற்றைச் சுரண்டி எடுத்துவிட்டு, புதுசை வைத்து, பசை தடவி இறுக்கு. நீ செய்து பழகின வேலைதான். பட்டறையில் உன்னைவிட நன்றாக மூட்டு வைக்கிறவன் இன்றுவரை வரவில்லை. இதை நீ போன அன்றே எழுதியிருக்க வேண்டும்.

எஞ்சின் ஓடாத நாளாகப் பார்த்துச் செய். ஞாயிற்றுக்கிழமை நல்லது. ஜன்னல் கதவு எல்லாம் திறந்து வை. தனியாக இறங்காதே, மேலே வேலு நிற்கட்டும்.

ஜனவரியில் நான் வந்து இறுக்கம் பார்த்துக்கொள்கிறேன்.

மணியம்


ஏழாங்கட்டைத் தோட்டம்
1928 டிசம்பர் 7

மணியம் அண்ணனுக்கு,

தந்தி கிடைச்சிருக்கும். நீங்க வரல. நடந்ததை எழுதறேன்.

ஞாயித்துக்கிழமை காலைல எட்டு மணிக்கு உங்க பார்சலை எடுத்துக்கிட்டு போனாரு. வேலுவும் போனாரு. ஜன்னல் திறந்திருந்துச்சு. கதவும் திறந்திருந்துச்சு. நீங்க எழுதினதை எல்லாம் செஞ்சாங்க. பலகையைப் பிரிச்சு பள்ளத்துல இறங்கி படுத்துக்கிட்டு போல்ட்டைக் கழட்டியிருக்காரு.

எஞ்சின் நின்னிருந்துச்சு. அடுப்பு நிக்கல. திங்கக்கிழமை சீக்கிரம் பிடிக்கணும்னு சனிக்கிழமை சாயந்தரம் கரியைப் போட்டு மூடி கனிய விடுறது இங்க வழக்கம். உங்களுக்கும் தெரியும். கூரை மேல போற குழாயை இடிக்க ஏணி கேட்டு ரெண்டு வாரமாச்சு, கிராணி குடுக்கல. அது அடைச்சுத்தான் இருந்துச்சு. மூட்டைப் பிரிச்ச உடனே எல்லாம் அவர் முகத்து மேலதான் வந்திருக்கு.

கிடந்த கோலத்தைப் பார்த்தா, கூப்பிட்டதுக்குப் பதில் இல்லன்னு வேலு குனிஞ்சு காலைப் பிடிச்சு இழுத்திருக்காரு. பாதி இழுக்கிறதுக்குள்ள அவரும் அங்கேயே சரிஞ்சுட்டாரு. நான் பத்து மணிக்குக் கஞ்சி கொண்டு போனேன். வேலு தலையும் நெஞ்சும் பள்ளத்துக்கு வெளிய இருக்கக் கிடந்தாரு, அதனால அவருக்கு மூச்சு இருந்துச்சு.

இவர் தூங்கற மாதிரி இருந்தாரு. உதடு, நகம், உள்ளங்கை எல்லாம் செக்கச்செவேல்னு இருந்துச்சு. கல்யாணத்தன்னிக்குக்கூட அவ்வளவு நிறமா இருந்ததில்ல. செத்தவங்க வெளுத்துப் போவாங்கன்னு நினைச்சிருந்தேன். அதனால ரொம்ப நேரம் எழுப்பிக்கிட்டே இருந்தேன்.

டிரசரு, முகம் சிவந்திருக்கு, கள்ளு குடிச்சுட்டு இறங்கியிருக்கான்னு எழுதிட்டாரு. அவர் கள்ளு தொட்டதில்ல. உங்களுக்குத் தெரியும்.

துரை, உத்தரவு இல்லாம மிஷின்ல கை வச்சான்னு சொல்றாரு. அது நிஜம். உத்தரவு குடுத்தது நீங்க.

பேச்சியம்மாள்


மூவார்
1928 டிசம்பர் 17

பேச்சி,

நான் வந்தேன்.

தந்தி கிடைத்ததும் பத்து பகாட் வழியாகக் குளுவாங் வந்து, அங்கிருந்து ரயிலில் ரெங்கம் வந்து இறங்கினேன். ஸ்டேஷனில் உங்கள் தோட்டத்து ஆள் ஒருவர், உடலை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருப்பார்கள், வேகமாக நடந்தால் பிடித்துவிடலாம் என்றார். நான் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தேன். சாயந்தர ரயிலில் திரும்பிப் போய்விட்டேன். அண்ணியிடம் உன்னைப் பார்த்ததாகச் சொன்னேன். உன் கடிதம் வந்த பிறகு அவளுக்கு உண்மை தெரிந்தது. அவள் என்னோடு பேசுவதில்லை.

அடுப்பை முழுக்க அணை என்று நான் எழுதவில்லை. சனிக்கிழமை கரியை மூடிக் கனிய விடுவார்கள் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? நான்தான் அந்த வழக்கத்தையே எல்லாத் தோட்டத்திலும் சொல்லிக் கொடுத்தேன். கயிறு, பசை, போல்ட்டு, ஜன்னல், வேலு எல்லாம் நினைவுக்கு வந்தது. அடுப்பு வரவில்லை. பார்சலைக் கட்டி முடித்து அஞ்சலில் சேர்க்கும் அவசரத்தில் இருந்தேன். காகிதம் அனுப்பாத குறை தீர வேண்டும் என்ற அவசரம்.

உன்னிடம் என் அக்டோபர் கடிதம் இருக்கிறது. பட்டறையில் குமிழி வந்ததை அதில் எழுதியிருக்கிறேன். தவுக்கே அதைக் கேள்விப்பட்டிருக்கிறார். குளுவாங் கோர்ட்டில் மரண விசாரணை வரப் போகிறது, அந்தக் கடிதம் அங்கு போனால் பட்டறையை மூட வேண்டியதுதான், தங்கையிடம் சொல்லி அதைக் கிழிக்கச் சொல் என்றார்.

அதை எழுதத்தான் இன்று உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. கிழிக்காதே என்று எழுதவும் கை வரவில்லை.

நீ என்ன செய்தாலும் சரி.

மணியம்


ஏழாங்கட்டைத் தோட்டம்
1928 டிசம்பர் 28

அண்ணனுக்கு,

நான் என்ன செஞ்சாலும் சரின்னு எழுதியிருக்கீங்க. இதையும் என் தலைலயே போடறீங்க.

துரை கூப்பிட்டு அனுப்பினாரு. உத்தரவில்லாம இறங்கினது என் வீட்டுக்காரர் தப்புதான்னு ஒரு தாள்ல தமிழ்ல எழுதி வச்சிருந்தாரு. கையெழுத்துப் போட்டா குடியிருக்கிற லயத்து வீடும் வேலையும் இருக்கும்னாரு. படிச்சுப் பார்க்கிறேன்னேன். இந்தப் பொம்பளை படிப்பான்னு அவருக்குத் தெரியாது போல. கிராணி முகத்தைப் பார்த்தாரு. நான் படிச்சுட்டு மேசை மேல வச்சுட்டு வந்துட்டேன்.

வேலு சாகல. ஆனா அவர் பழைய வேலு இல்ல. சட்டையில பொத்தான் போடத் தெரியல. அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு கேட்டா சிரிக்கிறாரு. அவரைச் சாட்சி கேக்க முடியாது. வெள்ளையம்மா அவருக்குச் சோறு ஊட்டி விட்டுட்டு வேலைக்குப் போறா.

விசாரணை ஜனவரி பதினாலாந் தேதி. உங்க கடிதத்தை நான் கிழிக்கல. ஆனா அதைக் குடுக்கவும் எனக்கு இஷ்டம் இல்ல. தாளைக் குடுத்தா, இது யார் எழுத்து, இவளே எழுதிக்கிட்டதான்னு கேப்பாங்க. அண்ணன் தங்கச்சிக்கு எழுதினதுதானேன்னு சொல்வாங்க. கள்ளுக் குடிச்சுச் செத்தாருங்கிற எழுத்து அப்படியே நிக்கும்.

நீங்க வந்து உங்க வாயால சொல்லணும். மூட்டை எப்படிப் பார்த்தீங்க, எப்பப் பார்த்தீங்க, பிறகு என்ன கண்டுபிடிச்சீங்க, பார்சல்ல என்ன அனுப்புனீங்க, எல்லாம். உங்க வேலை போகும். தெரிஞ்சுதான் எழுதறேன். போன மாசம் உங்க வேலையைக் காப்பாத்தணும்னு நான் ஒரு தடவை நினைச்சேன். அதை இனி நினைக்க மாட்டேன்.

ஸ்டேஷன்லேருந்து கோர்ட்டு கிட்டத்தான். பத்து நிமிஷ நடை.

பேச்சியம்மாள்


கூலாய்
1929 ஏப்ரல் 2

தங்கை பேச்சியம்மாளுக்கு,

வெள்ளையம்மாவின் உறவுக்காரர் ஒருவர் கொடுத்த விலாசத்துக்கு எழுதுகிறேன். விசாரணை முடிந்த மறு வாரமே தோட்டத்தை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

கோர்ட்டில் நீ என் பக்கம் திரும்பவில்லை. நான் பேசியது உனக்குச் சரியாகக் கேட்டதா என்றுகூட எனக்குத் தெரியாது. மாஜிஸ்டிரேட்டு கேட்டதில் ஒரு கேள்வி இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை. எஞ்சினை நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று ஏன் துரையிடம் கேட்கவில்லை என்றார். கேட்டால் அடுத்த முறை வேறு ஆளைக் கூப்பிடுவார்கள் என்று சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். தலை நிமிரவே இல்லை.

குளுவாங் பெரிய டாக்டர் வந்து, சிவப்பு கள்ளினால் வருவதில்லை, இந்த வாயுவினால் வருவது என்று சொன்னபோது நீ கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். அந்தக் கள்ளு எழுத்தாவது அழிந்தது. மற்றபடி விபத்து என்று எழுதினார்கள். குற்றம் துரைமேல் இல்லை, பட்டறைமேல் இல்லை, என்மேலும் இல்லை. அந்தத் தோட்டத்துக் குழாயைப் பள்ளத்திலிருந்து எடுத்து வெளிச்சுவரோடு போட்டுவிட்டார்களாம்.

தவுக்கே அன்று சாயந்தரமே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார். அண்ணியும் பிள்ளைகளும் அவள் அண்ணன் வீட்டில் இருக்கிறார்கள். நான் கூலாயில் ஒரு சீனரின் லாரி ஷெட்டில் வேலை செய்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் கையெழுத்து இருக்கும் தோட்டங்களுக்குப் போகிறேன். காசு வாங்குவதில்லை. சில இடத்தில் கேட்டிலேயே விரட்டிவிடுகிறார்கள். ஒன்பது இடத்தில் உள்ளே விட்டார்கள். அடுப்பை ஊதச் சொல்லி, எஞ்சின் நிற்கும்போது சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கிறேன். ஒன்பதில் நான்கில் குமிழி வந்தது. ஒரு இடத்தில், அடுப்பறைக்குப் பக்கத்துத் தடுப்பில் ஒரு தாய் கைக்குழந்தையைத் துணித் தொட்டிலில் போட்டுவிட்டு வேலை செய்துகொண்டிருந்தாள். தொட்டிலைக் கழற்றி மரத்தடியில் கட்டினேன். அவள் என்னைத் திட்டினாள்.

இதை நல்ல பெயர் வாங்க எழுதவில்லை. உங்கள் தோட்டம் போக இன்னும் நான்கு பாக்கி இருக்கிறது. அங்கு யார் என்ன ஆனார்கள் என்று தெரியாமல் படுக்கிறேன். அதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.

மணியம்


லாயாங் லாயாங்
1929 ஜூன் 19

அண்ணனுக்கு,

உங்க கடிதம் வந்து ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. பதில் போட வேணாம்னுதான் இருந்தேன்.

நீங்க பேசினது கேட்டுச்சு. ஒரு வார்த்தை விடாம கேட்டுச்சு. திரும்பினா அழுதிடுவேன்னு திரும்பல. அழுதா, அது அவருக்காகவா உங்களுக்காகவான்னு எனக்கே தெரியாமப் போயிருக்கும்.

உங்களை மன்னிச்சுட்டேனான்னு நீங்க கேக்கல. கேக்காதது நல்லதுதான். சில நாள் நீங்களும் ஏமாந்துதான் போனீங்கன்னு தோணுது. சில நாள் அந்தப் பார்சலோட சணல் கயிறு வீட்டு மூலைல கிடக்கிறதைப் பார்த்தா உங்க பேரைச் சொல்லவே வாய் கூசுது. தூக்கிப் போடவும் மனசு வரல, அவர் கையால அவிழ்த்த கயிறு.

இங்க பால்மரம் வெட்டறேன், ரப்பர் பால் எடுக்கற வேலை. வெள்ளையம்மாவும் வேலுவும் பக்கத்து வீட்டுல இருக்காங்க. அவங்களையும் அங்க வச்சுக்கல. வேலுவை வாசல்ல உக்கார வச்சுட்டு நாங்க காட்டுக்குப் போறோம். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை, அய்யாவு எங்க, இன்னிக்கு எஞ்சின் இன்னும் பிடிக்கலையேன்னு என்னைக் கேக்குறாரு. முதல்ல செத்துட்டாருன்னு சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் புதுசாக் கேக்கற மாதிரி தேம்பி அழுதாரு. இப்ப, வருவாருன்னு சொல்லிடறேன்.

எழுதற காரணம் வேற. இந்தத் தோட்டத்துலயும் கேஸ் எஞ்சின் இருக்கு. உங்க பட்டறை போட்டது இல்ல, சிங்கப்பூர்க்காரங்க போட்டது. ஸ்டோர்ல ராஜம்மான்னு ஒரு பிள்ளை நேத்து காலைல வாந்தி எடுத்துட்டு வெளிய வந்து உக்காந்திருந்தா. மழை, ஜன்னல் சாத்தியிருந்துச்சு. எஞ்சின் இன்னும் பிடிக்கல. டிரசரு கொய்னா குடுத்தாரு.

நான் இங்க கிராணிகிட்ட போய்ச் சொன்னேன். நீ யாரு, உனக்கு என்ன தெரியும்னு கேட்டாரு. கோர்ட்டுல நடந்ததைச் சொன்னேன். அதுக்குப் பிறகு, பார்க்கத் தெரிஞ்ச ஆள் யாராவது இருந்தா கூட்டிட்டு வா, துரை சனிக்கிழமை வரைக்கும் ஊர்ல இல்லன்னு சொன்னாரு.

வெள்ளிக்கிழமை வாங்க. காலைல அஞ்சு மணிக்கு அடுப்பு ஊத ஆரம்பிக்கிறாங்க. அதுக்கு முன்ன வந்துடணும். சோப்பு நான் வச்சிருக்கேன். ஒருத்தரும் உள்ள போகாம நான் வாசல்ல நிக்கறேன்.

என் வீட்டுக்கு வர வேணாம். நேரா எஞ்சின் கொட்டகைக்கு வாங்க.

பேச்சியம்மாள்